கான்கிரீட் வகுப்பில் கரியமிலக் கணக்கு

எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கான சுற்றுச்சூழல் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2003-ல் வகுத்தளித்தது. தேவையான நடவடிக்கைதான். ஆனால் கட்டுமானப் பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் காண்பது, அந்த ஒரு தாள் மற்ற தாள்களுக்கெல்லாம் விலக்குச் சீட்டாகிவிட்டது என்பதே. ஓசோன் படலத்தைப் பற்றி விடை எழுதித் தேறிய மாணவர், பின்னொரு பருவத்தில் தூணை வடிவமைக்கும்போது அதில் எத்தனை கிலோ சிமென்ட் போகிறது என்பதை விலைக்காக மட்டுமே கணக்கிடுகிறார்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு, சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கராக்கும்போது எரிபொருளிலிருந்து மட்டுமின்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். ஆலைக் கூரை முழுவதும் சூரியத் தகடு பதித்தாலும் அந்தப் பங்கு குறையாது. எனவே எம்25 என்ற வலிமைத் தரத்துக்கான கான்கிரீட் கலவை வடிவமைப்பில் மாணவர்களிடம் இரண்டு கலவைகளைக் கேட்கிறேன். முதலாவதில் கன மீட்டருக்கு 360 கிலோ சாதாரண சிமென்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் பிணைப்புப் பொருளை (சிமென்டும் சாம்பலும் சேர்ந்தது) 10 சதவீதம் கூட்டி 396 கிலோவாக்கி, அதில் கால் பங்கை அனல் மின் நிலையச் சாம்பலாக்கினால், சிமென்ட் 297 கிலோ போதும். மிச்சம் 63 கிலோ. கரியமில வாயுவில் ஏறத்தாழ 50 கிலோ குறையும்.

பாடம் இங்கே முடிந்தால் அது விளம்பரமாகிவிடும். சாம்பல் கலந்த கான்கிரீட் வலுப்பெறத் தாமதமாகும் என்பதை ஏழாம் நாள் வலிமைச் சோதனையில் உடைக்கும் கான்கிரீட் கியூபே காட்டிக்கொடுக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் (ஈரம் காயாமல் பதப்படுத்துதல்) கேட்கிறது; கலப்பு சிமென்டுக்கு 10 நாள். அந்தக் கூடுதல் நாள்களுக்கான தண்ணீரைச் சென்னையின் மே மாதத்தில் யார் கொடுப்பது, வார்ப்புப் பலகையைப் பிரிக்க அவசரப்படும் மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வது என்று மாணவர்களே கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு மாணவி இன்னும் ஒரு படி மேலே போய், நிலக்கரியைக் கைவிட்டபின் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்டார். நல்ல கேள்வி. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்துச் செய்யும் எல்சி3 சிமென்ட் குறித்துச் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்திய ஆய்வுகளைப் படிக்கச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலைப் பற்றிய பேச்சும் அப்போது தானாகவே வருகிறது.

இணைப்புக் கல்லூரிகளால் பாடத்திட்டத்தைத் தொட முடியாது என்பது உண்மையே. ஒப்படைப்பும் ஆய்வகப் பயிற்சியும் ஆசிரியர் கையில்தானே இருக்கின்றன?

நிறுவனத்தின் நோக்கம் என்று வரும்போது நிலைமை இன்னும் சங்கடமானது. கல்லூரிகளின் தரத்தை அளவிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) செய்யும் மதிப்பீட்டில் சுற்றுச்சூழலும் இடம்பெறுவதால், பல கல்லூரிகளில் பசுமைத் தணிக்கை அறிக்கையும் ஜூன் 5 மரக்கன்று நடும் படங்களும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. (நட்ட குழியிலேயே மறுவருடமும் நடுவதை நானறிவேன்.) அதே வளாகத்தில் விடுதிக் கட்டடத்துக்கான ஒப்பந்தப்புள்ளி, முந்தைய கட்டடத்தின் செலவு மதிப்பீட்டிலிருந்து ஒரு வரிகூட மாறாமல் நகலெடுக்கப்படுகிறது. வகுப்பில் சாம்பல் கலவையைச் சோதித்துத் தேர்ந்த துறையிடம், பக்கத்துக் கட்டடத்தின் சிமென்ட் வகையைப் பற்றி யாரும் கருத்துக் கேட்பதில்லை. தொலைநோக்கு அறிக்கையில் வளங்குன்றா வளர்ச்சி என்று எழுதியிருக்கும் கல்லூரி, அந்தச் சொல்லைக் கொள்முதல் குழுவின் கூட்டக் குறிப்பிலும் எழுத வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. கட்டடச் செலவு மதிப்பீட்டின் அளவு, விலை, தொகைப் பத்திகளுக்கு அருகில் உமிழ்வுக்கென ஒரு பத்தியைச் சேர்த்து, அதை இறுதியாண்டு மாணவர்கள் நிரப்பித் துறைத்தலைவர் ஒப்பமிட்டு, ஒப்பந்தப்புள்ளி வெளியாகுமுன் பொறியாளரிடம் கொடுத்தால் போதும். அவர் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி அடுத்த பருவ வகுப்பில் அதையே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.