பெரம்பூர் பெட்டியும் லினக்ஸ் டிரைவரும்

"அண்ணா, நேத்து நைட் அப்டேட் போட்டேன். காலைலேர்ந்து வைஃபை எடுக்கல." தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக் கல்லூரி மாணவி லேப்டாப்போடு வந்து நின்றாள். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அவளுடைய யுஎஸ்பி வைஃபையை இயக்கும் நிரலான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவதில்லை. மூல நிரலிலிருந்து தனியாகத் தொகுத்து, அதாவது பில்ட் செய்து, ஏற்றியிருந்தேன். அப்டேட்டில் கெர்னல் மாறிவிட்டது, டிரைவர் பழைய கெர்னலுக்கானது.

இதை ரயில் பெட்டியை வைத்துச் சொல்கிறேன். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் பல பத்தாண்டுகள் செய்த பழைய வகைப் பெட்டிக்குத் திருகு இணைப்பு. இப்போதைய எல்எச்பி வகைப் பெட்டிக்கு வேறு இணைப்பு. இரண்டும் அதே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில்தான் ஓடும். ஆனால் ஒன்றோடொன்று நேரடியாகக் கோக்க வராது. லினக்ஸிலும் செயலிகள் கெர்னலைக் கூப்பிடும் வழிதான் தண்டவாளம். கெர்னல் மாறியதால் பழைய செயலி ஓடாமல் போகக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கறார். கெர்னலுக்குள் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிடும் வழி, பெட்டியின் இணைப்பு மாதிரி. அது எப்போது வேண்டுமானாலும் மாறும். மாற்றுகிறவரே கெர்னலின் மூல நிரலுக்குள் இருக்கும் டிரைவர்களையும் திருத்திவிடுவார். வெளியே இருப்பதை, எழுதியவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பில்ட் செய்ய முழு மூல நிரல் தேவையில்லை. ஓடும் கெர்னலின் உள் இணைப்புகளைச் சொல்லும் ஹெடர் பேக்கேஜ் போதும். மேக் கட்டளை கெர்னலின் பில்ட் ஃபோல்டருக்குப் போய், அங்குள்ள அமைப்புகளின்படி நம் நிரலைத் தொகுத்து ஏற்றத் தயாரான டிரைவரை ஒரு கேஓ (.ko) கோப்பாகத் தரும். எந்தக் கெர்னலுக்காகச் செய்தது என்று அதற்குள் 'வெர்மேஜிக்' என்ற குறிப்பு பதிந்திருக்கும். பொருந்தவில்லையென்றால் கெர்னல் ஏற்காது. கட்டாயப்படுத்தி ஏற்றவும் வழி உண்டு, செய்யாதீர்கள். மெமரியில் இடம் தப்பி எழுதினால் மொத்த சிஸ்டமும் விழும்.

அதனால் கேஓ கோப்பை மட்டும் கொடுத்தனுப்புவது, வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம். மூல நிரலையே கொடுக்க வேண்டும். டெல் நிறுவனத்தில் 2003-ல் எழுதிய டிகேஎம்எஸ் என்ற மென்பொருள் அந்த நிரலை வைத்துக்கொண்டு, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் தானே பில்ட் செய்கிறது. உள் இணைப்பே மாறியிருந்தால் அதுவும் தோற்கும். அப்போது நிரலைத் திருத்தத்தான் வேண்டும்.

கையெழுத்தில்லாத நிரலை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் இருக்கும் கணினியில் இன்னொரு படி: அந்த கேஓ கோப்புக்கு டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை ஒரு பாஸ்வேர்டு வைத்துக் கணினியிலும் பதிய வேண்டும். ரீபூட்டில் நீலத் திரை வந்ததும் அந்தப் பெண் பயந்துவிட்டாள். "ஒண்ணுமில்லம்மா, சாவியை ஏத்துக்கவான்னு கேக்குது. இப்ப வெச்ச பாஸ்வேர்டைப் போடு." போட்டாள். வைஃபை வந்தது.