கட்டைக் கணக்கு மலையில் செல்லாது

வன்னியில் தூரத்தைக் கட்டையால், அதாவது மைலால், சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. வீதியோரத்தில் மைல்கல் போய்க் கிலோமீற்றர் கல் வந்த பின்னரும், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிற்கும் பெரியவர் ஒருவரிடம் மாங்குளம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இத்தனை கட்டை என்றுதான் சொல்வார். சைக்கிளில் எவ்வளவு நேரம், நடந்தால் எவ்வளவு நேரம் என்பது அதைக் கேட்டவருக்குத் தானாக விளங்கிவிடும். தூரத்தைச் சொன்னாலே நேரமும் சொல்லப்பட்டுவிடுவதற்குக் காரணம் எங்கள் நிலம் தட்டையாக இருப்பதுதான். வவுனியா நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சிக்கு வருவதற்குள் அதிலும் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது, ஆனால் சைக்கிள் மிதிப்பவரின் காலுக்கு அந்த இறக்கம் தெரிவதில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரரும் நாளொன்றுக்கு இத்தனை கட்டை, இரவுக்கு இந்தக் கோவில் என்றே வழியைப் பிரித்துக்கொள்கிறார்கள். சமநிலத்தில் அந்தக் கணக்கு பிழைப்பதில்லை.

அதே கணக்கோடு மத்திய மலைநாட்டின் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு நான்கு நாள் நடைக்குத் திட்டம் போட்டால், முதல் நாள் மாலையே காட்டு நடுவில் இருட்டில் நிற்க நேரும். முதன்முறை திட்டம் எழுத உட்கார்ந்தபோது நானும் அன்றைய 12 கிலோமீற்றரை ஐந்தால் வகுத்து, இரண்டரை மணித்தியால நடைதானே என்று எழுதி வைத்தேன். உண்மையில் அது எட்டு மணித்தியால வேலை. மிச்சம் ஐந்தரை மணித்தியாலம் எங்கே ஒளிந்திருந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

முதலாவது மறைவிடம் உயரம். ஸ்கொட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த விதி இன்றும் பயன்படுகிறது: வரைபடத்தில் ஒவ்வொரு மூன்று மைலுக்கும் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். இன்றைய அலகில் 5 கிலோமீற்றருக்கு ஒன்று, 600 மீற்றர் ஏற்றத்துக்கு ஒன்று என்று கொள்ளலாம். ஏற்றத்துக்கு ஏன் இந்தத் தனி வரி என்பதை இயற்பியல் விளக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சுமையுடன் 600 மீற்றர் ஏறும்போது 75 கிலோவைப் புவியீர்ப்புக்கு எதிராக உயர்த்துகிறார். அதற்கு வேண்டிய பொறிமுறை வேலை ஏறத்தாழ 105 கிலோகலோரி. நமது தசைகள் உணவின் சக்தியில் ஏறத்தாழக் காற்பங்கை மாத்திரமே வேலையாக மாற்றி மிகுதியை வெப்பமாக விட்டுவிடுவதால், உடல் உண்மையில் செலவழிப்பது 420 கிலோகலோரி வரையில் ஆகும், அதாவது சமைக்காத அரிசி ஏறத்தாழ 120 கிராம். முன்னோக்கி நடக்கும் செலவு இதில் சேரவில்லை.

உயரத்தை வீட்டிலிருந்தே எண்ணிக்கொள்ளலாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவுத் திட்ட வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றருக்குச் சமம். பாதையின் வளைவுகளின் மேல் தையல் நூலை வைத்து அளந்தால் தூரம் கிடைக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளில் எத்தனையை அதே நூல் வெட்டுகிறது என்று எண்ணி, கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாட்டால் பெருக்கினால் ஏற்றமும் இறக்கமும் கிடைக்கும். வேறுபாடு 20 மீற்றர் என்றால் முப்பது கோடுகள் 600 மீற்றர். ஆயினும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடக் கூடாது. காலையில் ஒரு முகட்டை ஏறி இறங்கி, மாலையில் இன்னொரு முகட்டை ஏறி இறங்கிப் புறப்பட்ட அதே உயரத்தில் வந்து படுப்பவருக்கு நிகர உயரம் பூச்சியம்தான், ஆனால் அவருடைய முழங்கால் அதை ஒத்துக்கொள்ளாது.

இரண்டாவது மறைவிடம் பாதையின் தன்மை. புவியியலாளர் வால்டோ டொப்லர் 1993இல் தந்த சமன்பாட்டின்படி மனிதர் மிக வேகமாக நடப்பது சமநிலத்தில் அன்று, நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் இறங்கும் மென்சரிவில்தான். அங்கே மணித்தியாலத்துக்கு 6 கிலோமீற்றர், சமநிலத்தில் ஏறத்தாழ 5. சரிவு கடுமையானால் ஏறினாலும் இறங்கினாலும் வேகம் குறைகிறது. பாதை இல்லாத இடத்தில் வேகம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும் என்றும் அவர் கணித்தார். வேரும் வழுக்குக் கல்லும் ஈர இலையும் நிறைந்த மலைக்காட்டுத் தடத்தையும் பாதை இல்லாத இடமாகவே கணக்கிடுவது என் வழக்கம்.

இனி அந்த 12 கிலோமீற்றரைத் திரும்பக் கணக்கிடுவோம். 900 மீற்றர் ஏற்றம், 600 மீற்றர் செங்குத்தான இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம். காட்டுத் தடம் என்பதால் அது 4 மணித்தியாலமாகிறது. ஏற்றத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். நெய்ஸ்மித்தின் விதிக்கு மலையேறி எரிக் லாங்மியூர் சேர்த்த திருத்தத்தின்படி செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் 10 நிமிடம் கூட்டவேண்டும், ஆகவே இன்னும் 20 நிமிடம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, மதியச் சாப்பாடு, ஓடை கடத்தல் எல்லாம் சேர்ந்து இரண்டு மணித்தியாலம். கூட்டினால் எட்டு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் குறைவு.

இதில்கூடச் சேராத ஒன்று ஆட்களின் எண்ணிக்கை. ஒற்றையடிப் பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட ஒருவருக்கு ஒரு நிமிடம் பிடித்தால் எட்டுப் பேருக்கு எட்டு நிமிடம். அப்படிப்பட்ட தடைகள் நாளில் பத்து வந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கரைந்துவிடும், அதை யாரும் சோம்பலால் கரைக்கவில்லை. கலியாண வீட்டுக்கு வான் பிடிப்பதுபோல ஆள் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போகக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

சமநிலத்துக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எதிரி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தை இழுத்துப் பிடிக்கவேண்டும், அந்த வகை இழுவையில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதன் நோவு உடனே தெரியாது. ஒரு நாள் கழிந்து தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்கு வரும். எனவே முதல் நாள் நீண்ட இறக்கம் இருந்தால் மூன்றாம் நாளைக் குறுகியதாக அமைக்கவேண்டும். ஊக்கம் குறையாதிருந்தாலும் தொடை ஒத்துழைக்காது. ஒருமுறை அப்படி வேலை வாங்கப்பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சேதத்தை நன்றாகத் தாங்கும் என்பது நமக்குச் சாதகம். வன்னியில் மலை இல்லை, ஆனால் குளக்கட்டு இருக்கிறது. இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ கட்டின் சரிவில் சுமையுடன் மெதுவாக இறங்கி ஏறிப் பழகலாம்; மாடிப் படிகளும் உதவும். பயிற்சிக்கென்று பழக்கமில்லாத காட்டுக்குள் இறங்கவேண்டாம். மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத மண் இது. சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும் ஊராரைக் கேட்காமல் கால் வைப்பது அறிவுடைமையாகாது.

வழி பிடிப்பதிலும் நமது பழக்கம் மலையில் தலைகீழாகிறது. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த எங்கள் காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே காட்சிதான். யேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சௌமன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தட்டையான காட்டில் நேராக நடக்கச் சொல்லப்பட்டவர்கள் மேகமூட்டத்தில் தம்மை அறியாமலே வட்டமிட்டுத் தாம் கடந்த தடத்தையே மீண்டும் வெட்டினார்கள்; வெயில் இருந்தபோது நேராகப் போனார்கள். வெயிலையும் எப்போதும் நம்ப முடியாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் வன்னியில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நிழல் காலடிக்குள் ஒடுங்கித் திசை சொல்லாமற் போகும். அப்போது காட்டறிந்தவர்கள் நம்புவது ஆற்றைத்தான். கனகராயன் ஆற்றையோ பாலி ஆற்றையோ ஒட்டி நீரோட்டத்தோடு நடந்தால் குளமோ வயலோ வீதியோ கடலோ ஏதாவது ஒன்று வந்தே தீரும்.

மலையில் இந்த அறிவு ஆளையே கொல்லக்கூடும். ஓடையைப் பின்பற்றி இறங்குபவரை ஓடை நீர்வீழ்ச்சியின் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தும். தண்ணீர் குதிக்கும் இடத்தில் மனிதர் குதிக்க முடியாது, வழுக்கும் பாறையில் திரும்பி ஏறுவதும் எளிதன்று. ஆகையால் மலையில் முகடே வழி. முகட்டில் நிற்பவருக்கு இருபுறமும் நிலம் இறங்குவது தெரிவதால், மூடுபனியிலும் தடத்தை விட்டு விலகினால் கால் உடனே உணர்ந்துவிடும்.

ஆயினும் முகட்டுக்கு ஒரு குணம் உண்டு. மேலே போகப்போகக் கிளை முகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உச்சியில் ஒன்றாகின்றன. எந்தக் கிளையில் ஏறினாலும் உச்சிக்கு வந்துவிடலாம். இறங்கும்போது அதே முகடு கை விரல்களைப்போலப் பிரிகிறது. உச்சியில் திசை சிறிது பிசகினால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது; ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் வேறு விரலில், வேறு பள்ளத்தாக்கை நோக்கி, நடுவில் ஆழமான ஓடையோடு நிற்போம். ஓடைகளின் கணக்கு இதற்கு நேர்மாறு: அவை கீழே சேரும், மேலே பிரியும். வரைபடத்தில் சமவுயரக் கோடுகளின் கூர்முனை உயர்ந்த பக்கத்தை நோக்கினால் அது ஓடைப்பள்ளம், தாழ்ந்த பக்கத்தை நோக்கினால் அது கிளை முகடு. ஆகவே திட்டத்தாளில் திசைகாட்டியின் பாகை அளவைக் கட்டாயம் எழுதவேண்டிய இடங்கள் ஏறும் வழியில் அல்ல, இறங்கத் தொடங்கும் ஒவ்வொரு உச்சியிலும்தான். தொலைபேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடம் முன்கூட்டியே தரவிறக்கப்பட்டிருந்தால். மின்கலம் குளிரில் விரைவாக இறங்கும் என்பதால் காகித வரைபடம் பையில் இருக்கட்டும்.

முகட்டில் வழி உண்டு, தண்ணீர் இல்லை. பள்ளத்தாக்கில் தண்ணீர் உண்டு, அங்கே தங்குவதற்கு யோசிக்கவேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், முகட்டில் இரவு தங்குவதானால் ஆளுக்கு நான்கைந்து கிலோ கூடுதலாக ஏற்றவேண்டியிருக்கும். பள்ளத்தில் தங்கினால் இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே வடிந்து அங்கேதான் தேங்கும். அதைவிட முக்கியம், மழை. ஒரு சதுர கிலோமீற்றர் மலைச்சரிவில் ஒரு சென்ரிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு கோடி லீற்றர். கோடையில் எங்கள் ஊர்களுக்கு வரும் பத்தாயிரம் லீற்றர் பவுசர்கள் ஆயிரம் ஒரே நேரத்தில் கவிழ்ந்ததாக எண்ணிப் பார்க்கலாம். வன்னியில் அந்த வெள்ளத்தைக் குளங்கள் ஏந்திக்கொள்ளும். மலையில் ஏந்த ஒன்றுமில்லை, காலையில் கணுக்கால் நனைத்த ஓடை மாலையில் இடுப்பளவில் பாயலாம். நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்காகும். ஓடையைக் கடந்த பின் கூடாரம் அடியுங்கள், கடக்கு முன்னர் அல்ல; கரையிலிருந்து சில மீற்றர் உயரத்தில் அடியுங்கள்.

மழைக்காலம் எது என்ற கேள்விக்கும் எங்கள் விடை பொருந்தாது. எங்களுக்கு மாரி ஒன்றுதான், ஐப்பசி தொடங்கித் தை வரை. நக்கிள்சின் கிழக்குச் சரிவு அந்த வடகீழ்ப் பருவக்காற்றையும், மேற்குச் சரிவு வைகாசிக்குப் பின் வரும் தென்மேல் பருவக்காற்றையும் வாங்கிக்கொள்கின்றன. நாங்கள் சோளகம் என்று சொல்லும் அதே காற்று, மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டுக் காய்ந்துபோய்த்தான் எங்களிடம் வருகிறது. இடைப்பருவ மாதங்களில் பிற்பகல் இடிமழை பொதுவானது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கிட்டு, முப்பது விநாடிக்குக் குறைந்தால் முகட்டிலிருந்து இறங்கிவிடவேண்டும்.

ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். மலைத்தொடரின் அதியுயர் சிகரமான கோம்பனியா 1906 மீற்றர். அந்த உயரத்தில் கிளிநொச்சியைவிடப் பன்னிரண்டு பாகை குளிர் என்பது கேட்க இதமாகவே இருக்கும், உடை நனையும் வரை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த பருத்திச் சாரமும் பெனியனும் காற்றோடு சேர்ந்து உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு சோடி உலர்ந்த உடுப்பைப் பொலித்தீனில் கட்டி, படுக்கும் நேரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கவேண்டும்.

சாப்பாட்டில் எங்கள் பக்கத்துக்குக் குறையில்லை. கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி, மாச்சத்து 4. எனவே எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பான கச்சான் சுமைக்கு மிகச் சிக்கனம். எள்ளுருண்டை, புழுக்கொடியல், பனங்கட்டி, சத்துமா ஆகியவை நான்கு நாளில் கெடாதவை. நாளொன்றுக்கு ஆளுக்கு 800 கிராம் உலர் உணவு போதும். அட்டைக்கு அஞ்சவேண்டாம், அதன் உமிழ்நீர் குருதியை உறையவிடாததால் கடிவாய் நெடுநேரம் கசியும், நகத்தால் வழித்தெடுத்துக் கழுவினால் சரி.

நக்கிள்ஸ் காப்புக் காட்டுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் பகுதி அது. அனுமதிக்கு எழுதும் அதே தாளின் இன்னொரு பிரதி வீட்டில் இருக்கவேண்டும்: எந்த வழி, எந்த இரவு எங்கே, இடையில் இறங்கிவிடக்கூடிய கிராமங்கள் எவை, எந்த நேரத்துக்கு மேல் தகவல் இல்லையென்றால் 119க்கு அழைக்கவேண்டும். அந்த நேரத்தைத் திரும்பும் நாள் மாலை ஆறு மணி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்த நாட்டில் சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் காடு இருண்டுவிடும், இருட்டில் முகட்டில் யாரும் தேட முடியாது, இரண்டு மணித்தியாலத் தாமதம் மலையில் சாதாரணம். ஆகவே தாளில் எழுதவேண்டியது மறுநாள் காலை எட்டு மணி.