நூறு வருடத் தேக்கும் ஈரம் குடிக்கும்

கிட்டாரின் ஒலித்துளைக்குள் சிறு விளக்கை வைத்துத் திருப்பிப் பார்த்தபோது, பின்பலகையில் ஒரு சாண் நீளப் பிளவு வழியே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. காரைக்குடிப் பக்கம் இடித்த வீடொன்றின் மச்சுப் பலகையைக் கொண்டு, கார்த்திகை மழையில் செய்யப்பட்டு, சென்னையில் ஏசி அறையில் இரண்டு மாதம் இருந்த கிட்டார் அது. இந்த ஆண்டு இப்படி ஒரு கிட்டார் என் பட்டறைக்கு வருவது இது மூன்றாவது முறை. செய்தவரைக் கேட்டால், "பர்மாத் தேக்குங்க, நூறு வருடம் காய்ந்தது, இனிக் காய என்ன இருக்கிறது?" என்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வயதான மரத்தில் பச்சை ஈரம் போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்றில் ஈரம் கூடினால் வாங்கிக்கொள்வதையும் குறைந்தால் விட்டுவிடுவதையும் எந்த மரமும் எத்தனை வயதானாலும் நிறுத்துவதில்லை. ஐப்பசியில் வளவுக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித் திறந்தவர்கள், அதே கதவு சித்திரையில் தானாக ஆடுவதைப் பார்த்தும் இதை நம்ப மறுப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்தில் ஏறத்தாழ 16 சதவீத ஈரம் தங்கும். ஏசி அறையில் காற்று உலர்ந்து 50 சதவீதமானால் மரத்தின் ஈரம் 9 அளவுக்கு இறங்கும். இந்த இறக்கத்தில் 15 அங்குல அகலப் பின்பலகை, வளர்ச்சி வளைய ரேகை பலகையின் கனத்தில் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த தேக்கானாலும் சுமார் 2 மில்லிமீட்டர் சுருங்கும். ரேகை படுத்திருந்தால் அதைப்போல் இரு மடங்கு. மச்சில் ஆணியில் நின்ற தடித்த பலகைக்கு அசைய இடமிருந்தது. நாமோ அதை 3 மில்லிமீட்டருக்கு இழைத்து, குறுக்கே பிரேஸ் என்னும் தாங்குசட்டங்களை ஒட்டிக் கட்டிப்போடுகிறோம்.

பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் கிடத்தாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே புழுங்கவிடாதீர்கள். ஒரே கனமுள்ள ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச் சட்டங்களை, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வரும்படி இடையிடையே கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். புதிதாக அறுத்த மரமானால் வெட்டுமுகங்களில் மெழுகோ பெயிண்டோ பூசி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்ற பழைய கணக்கில் பொறுத்திருங்கள். அவசரத்துக்கு மொட்டை மாடி வெயிலில் காயப்போடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பழைய மரமானாலும் புதியதானாலும், 5 மில்லிமீட்டர் தகடாக அறுத்தபின், ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் மூடிய அறையில் வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டுத் தகட்டின் மேலேயே தேதியுடன் பென்சிலால் எழுதி வாருங்கள். தொடர்ந்து சில வாரங்கள் எடை மாறாத பிறகுதான் பசையைத் தொடலாம். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: சாப்பாட்டு உப்பைக் கூழாக நனைத்து, அதனுடன் கருவியை ஒரு டப்பாவில் இரவு முழுவதும் அடைத்து வைத்தால் அது 75 காட்ட வேண்டும்.

ஈரத்தில் செய்த கிட்டாருக்கு மீண்டும் ஈரம் ஊட்டிப் பிளவை மூடிப் பயனில்லை. அடுத்த கோடையில் மறுபடியும் திறந்துகொள்ளும். உலர்ந்த நிலையிலேயே பிளவில் மெல்லிய மரச் சிம்பு செருகித்தான் ஒட்ட வேண்டும். நிறம் ஒத்துப்போவதற்காக அதே பலகையில் மிஞ்சிய துண்டை அனுப்பச் சொன்னேன். அது இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கிறதாம்.