டீமனுக்கு 'ஏவலி' போதும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழில் லினக்ஸ் இயங்குதளம் சொல்லித்தருகிறவர்கள் வாயில் இப்போது 'பின்னணிச் செயலி' என்ற சொல் நன்றாகப் படிந்துவிட்டது. டீமன் என்பது திரையில் தலைகாட்டாமல் தானாக ஓடிக்கொண்டிருந்து வேலை செய்யும் நிரல். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுகிறார்கள். இதற்கு முன்னால் 'பேய்' என்று போட்டார்கள். பேயை விரட்டியது சரிதான். ஆனால் பேய் என்று படித்தவன் சிரித்துவிட்டு, ஏதோ தப்பு என்று அகராதியைத் தேடுவான். பின்னணிச் செயலி என்று படித்தவனோ புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். வில்லங்கம் அங்கேதான்.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் டைமோன் என்றால் தெய்வத்துக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட ஒரு சக்தி. நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும். கிறித்துவம் பரவிய பிறகுதான் அது முழுக்கத் தீய ஆவியானது. தோட்டத்து எல்லையில் நிற்கும் முனீஸ்வரரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். 1867இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் பிரித்து அனுப்பும் குட்டி வாயிற்காவலன் ஒருவனைக் கற்பனை செய்தார். அவனுக்கு டீமன் என்று பெயர் வைத்தவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. அந்தப் பெயரை 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த புராஜெக்ட் மேக் ஆய்வுத் திட்டத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு எடுத்துக்கொண்டது. ஐபிஎம் 7094 கணினியில் யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்த நிரல்களுக்கு அதைச் சூட்டினார்கள். கோப்புகளைத் தானாக நாடாவில் நகலெடுத்து வைத்த நிரல் முதல் டீமன். பிறகு லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் அதைச் சுவீகரித்தது. 'டிஸ்க் அண்ட் எக்ஸிகியூஷன் மானிட்டர்' என்பதன் சுருக்கம் என்று சிலர் சொல்வது பிற்பாடு ஒட்டவைத்த கதை. பிஎஸ்டி யூனிக்ஸின் சின்னமான கொம்பு முளைத்த சிவப்புக் குட்டிச்சாத்தான் வேறு பேய் மொழிபெயர்ப்புக்குத் துணைபோயிருக்க வேண்டும்.

இனி பின்னணிச் செயலி. முதல் கோளாறு, பின்னணி என்பது யூனிக்ஸில் ஏற்கெனவே வேறொன்றின் பெயர். கட்டளையின் கடைசியில் & குறி போட்டால் அந்த வேலை பின்னணிக்குப் போய்விடும்; நீங்கள் அடுத்த கட்டளையைத் தட்டலாம். ஆனால் அது இன்னமும் கட்டளை தட்டும் சாளரமான உங்கள் டெர்மினலோடு கட்டப்பட்டுத்தான் கிடக்கிறது. சாளரத்தை மூடினாலோ, வைஃபை அறுந்து, தொலைவில் உள்ள கணினியோடு பேசும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு போனாலோ, 'தொடர்பு அறுந்தது' என்று சொல்லும் ஹேங்கப் சமிக்ஞை வந்து அதையும் முடித்துவிடும். இரவு முழுக்க ஓட வேண்டிய நகலெடுப்பை & போட்டுவிட்டு மடிக்கணினியை மூடி வைத்தால், காலையில் பாதிக் கோப்புதான் இருக்கும். 'பின்னணியில்தானே போட்டேன்' என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்? ஹேங்கப்பைச் சட்டைசெய்யாமல் ஓடவைக்கும் நோஹப் என்ற கட்டளை இருப்பதே பின்னணி வேலை டீமன் அல்ல என்பதால்தான்.

டீமனாக மாற ஒரு நிரல் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். ஃபோர்க் செய்து, அதாவது தன்னையே நகலெடுத்து, ஒரு பிள்ளையைப் பெறும். பெற்ற தாய் உடனே வெளியேறிவிடும். அனாதையான பிள்ளையை வழக்கமாகக் கணினியின் 1ஆம் எண் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குச் செயல்முறை என்று பெயர்) தத்தெடுக்கும். பிள்ளை செட்சிட் அழைப்பின் மூலம் தனக்கென ஒரு புது அமர்வைத் தொடங்கி, டெர்மினலின் பிடியிலிருந்து விடுபடும். பிறகு இரண்டாவது முறை ஃபோர்க். இதை வீண் வேலை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அமர்வின் தலைவனாக இருக்கும் செயல்முறை ஏதாவது ஒரு டெர்மினலைத் திறந்தால் மறுபடி அதனிடம் மாட்டிக்கொள்ளக்கூடும். பேரப்பிள்ளை தலைவன் இல்லை என்பதால் அந்த ஆபத்து இல்லை. அடுத்து, வேலைக் கோப்புறையை / என்ற வேருக்கு மாற்றும். மாற்றாவிட்டால், எந்த வட்டில் தொடங்கியதோ அந்த வட்டைக் கழற்றப் போகும்போது 'பயன்பாட்டில் உள்ளது' என்று கணினி முரண்டு பிடிக்கும். கடைசியாக உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கான 0, 1, 2 என்ற மூன்று வாய்க்கால்களையும், போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிடும். இதை மறந்தால், எஸ்எஸ்ஹெச் வழியாக டீமனைத் தொடங்கிவிட்டு வெளியேறும்போது இணைப்பு மூடாமல் தொங்கும்.

இத்தனைக்கும் பிறகு, எல்லாச் செயல்முறைகளையும் பட்டியலிடும்படி பிஎஸ் கட்டளையைத் தட்டிப் பார்த்தால், டெர்மினலின் பெயரைக் காட்டும் டிடிஒய் பத்தியில் லினக்ஸ் ஒரு கேள்விக்குறி காட்டும். எந்த டெர்மினலுக்கும் சொந்தமில்லை என்று அர்த்தம். டீமனின் அடையாளம் இந்தக் கேள்விக்குறிதான். 'பின்னணி' என்ற சொல்லில் இது எங்கே இருக்கிறது?

இன்றைய லினக்ஸ் பலவற்றில் 1ஆம் எண் செயல்முறையாக இருந்து மற்றவற்றைத் தொடங்கி மேய்க்கும் சிஸ்டம்டி வந்த பிறகு இந்தச் சடங்குகள் தேவையில்லை. தேவையில்லாததோடு கெடுதலும் செய்யும். சேவைக் கோப்பில் வகை 'சிம்பிள்' என்று இருக்க, நிரல் பழைய பழக்கத்தில் இரண்டு முறை ஃபோர்க் செய்தால், முதன்மைச் செயல்முறை முடிந்துவிட்டது என்று சிஸ்டம்டி முடிவுகட்டி மிச்சத்தையும் துடைத்துவிடும். வகையை 'ஃபோர்க்கிங்' என்று மாற்ற வேண்டும், அல்லது நிரலை முன்னணியிலேயே ஓடவிட வேண்டும். அதாவது, இன்றைய டீமன் பலவும் தன்னளவில் முன்னணியில் ஓடுகிறவை! பின்னணிச் செயலிக்காரர்கள் இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவார்களோ.

இரண்டாவது கோளாறு 'செயலி'. கைப்பேசியில் இறக்குவதும் செயலி, சில்லும் செயலி, போதாக்குறைக்கு இதுவும் செயலியா? திரையே இல்லாத ஒன்றை அப்படி அழைத்தால், படிப்பவன் ஐகானைத் தேடுவான். மலாய்க் கையேட்டில் பின்னணி என்று பொருள்படும் லாத்தார் பெலாக்காங் என்று இருந்ததைப் பார்த்து அப்படியே இறக்கியிருப்பார்களோ என்றும் தோன்றுகிறது. மூலம் எது, பொருள் எது என்று பார்க்காமல் மொழிக்கு மொழி ஏணி வைத்து ஏறுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் புதிதல்ல. இயங்குதளத்தின் கருவான கெர்னலைக் 'கர்னல்' என்று எழுதி அதைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர்களும் இவர்கள்தானே.

என் தேர்வு ஏவலி. செயலிலிருந்து செயலி வந்த அதே வழியில் ஏவலிலிருந்து ஏவலி. கணினி எழும்போது 1ஆம் எண் செயல்முறை டீமனை ஏவிவிடுகிறது. டீமன் காத்திருந்து கோரிக்கை வந்தால் செய்கிறது. மார்கழியில் பாடும் பாவைப் பாட்டில் வரும் குற்றேவல் என்ற சொல்லுக்கும் சின்னச் சின்னப் பணிவிடை என்றுதான் பொருள். 'ஏவல், பில்லி, சூனியம் என்று மக்கள் பயப்படுவார்களே' என்பார்கள். அதுதான் இந்தச் சொல்லின் அருமை. சொன்ன வேலையைச் செய்யும் ஆளும் ஏவல், ஏவிவிட்ட ஆவியும் ஏவல். கிரேக்கத்து டைமோனின் இரட்டை முகம் தமிழில் வேறு எந்தச் சொல்லில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்? பூதம் ஆவியோடு நின்றுவிடும், பணியாள் மனிதனோடு நின்றுவிடும்.

சேவை என்ற சொல்லை இதற்குப் போட்டுக் குழப்ப வேண்டாம். சிஸ்டம்டியில் சேவை என்பது எதை, எப்போது, எப்படித் தொடங்குவது என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின்படி நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஏவலி. நிரல்களின் பெயர்களையும் தமிழாக்க வேண்டாம், டீமனைக் குறித்து வாலில் இருக்கும் 'டி' எழுத்து உட்பட. ரெட்ஹேட் வகை லினக்ஸில் நேரம் பார்த்து வேலை செய்யும் ஏவலியின் சேவை கிரான்டி, உபுண்டு வகை லினக்ஸில் வெறும் கிரான். ரெட்ஹேட் கையேட்டைப் பார்த்து உபுண்டுவில் கிரான்டியை மறுதொடக்கம் செய்யச் சொன்னால், அப்படி ஒன்று இல்லை என்றுதான் பதில் வரும்.