ஐந்து நிமிட நடைக்குள் எவ்வளவு ஊர் அடங்கும்?

அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் ராபர்ட் டேவிஸ் என்பவருக்குத் தாத்தா வழியாக 80 ஏக்கர் நிலம் வந்து சேர்ந்தது. அடுக்குமாடிகளைக் கட்டி விற்றிருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ மனைவியுடன் காரில் கிளம்பி, தென் மாநிலங்களின் பழைய சிற்றூர்களைச் சுற்றினார். தெரு எத்தனை அடி அகலம், முன்வேலி எவ்வளவு உயரம், நம் திண்ணையைப் போன்ற அந்த வீட்டு முகப்புகள் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்றெல்லாம் அளந்து பார்த்தார். ஆண்ட்ரேஸ் துவானி, எலிசபெத் பிளேட்டர்-சைபெர்க் என்ற கட்டடக் கலைஞர் இணையர் அந்த அளவுகளை ஒரே தாளில் அடங்கும் கட்டட விதிகளாக்கினார்கள். 1981இல் தொடங்கிய அந்த ஊரின் பெயர் சீசைடு.

அதன் வெள்ளை வேலிகளையும் மர முகப்புகளையும்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஆனால், பழைய ஊர்களை நடக்கத் தக்கவையாக்கியது அவற்றின் தோற்றம் அல்ல, ஒரு கணக்கு.

சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடப்பார்; ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர். கார் வைத்திருப்பவரும் சாவியைத் தேடாமல் நடந்தே போய்வரும் தூரம் ஏறத்தாழ இதுதான். 1929இல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கத் திட்டமிடுநர், நடுவில் பள்ளி, அதைச் சுற்றிக் கால் மைல் ஆரத்தில் வீடுகள் என்று ஒரு குடியிருப்பு அலகை வரைந்தபோது இதே அளவைத்தான் எடுத்துக்கொண்டார்.

400 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 50 ஹெக்டேர். ஆனால், வீடுகளை ஊடுருவி யாரும் நடக்க முடியாது, தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெருக்கள் சதுரங்கக் கட்டங்களைப் போல் நெருக்கமாக ஓடினால், 400 மீட்டர் நடந்து எட்டக்கூடிய இடம் வட்டமாக இராது. சாய்த்து வைத்த சதுரமாகச் சுருங்கும். அதன் பரப்பு 32 ஹெக்டேர். (சீசைடின் 80 ஏக்கரும் கிட்டத்தட்ட இதே அளவு என்பது தற்செயல்தான் என்றாலும் ரசிக்கத்தக்கது.) இந்தக் கட்டங்கள் நேராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பழைய ஊர்களின் வளைந்த சந்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. சந்திப்புகள் அடிக்கடி வந்தால் போதும்.

முட்டுச்சந்துகளால் ஆன புறநகரில் இந்தக் கணக்கு நொறுங்கிவிடுகிறது. அங்கே இரண்டு வீடுகளின் கொல்லைச் சுவர்கள் ஒட்டியிருக்கும். ஆனால் ஒரு வாசலிலிருந்து மற்றதற்குப் போக, தெருவை விட்டு வெளியேறி, பெரிய சாலையைச் சுற்றி, ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நடக்க நேரலாம். சீசைடில் வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவே மணல் பாதைகளை விட்டிருக்கிறார்கள். லக்சம்பர்க்கில் பிறந்த கட்டடக் கலைஞர் லியோன் கிரியர் சொன்ன யோசனை இது. காருக்கு இல்லாத குறுக்குவழி காலுக்கு இருந்தால், நடப்பவருக்கு அதுவே லாபம்.

அடுத்த கேள்வி, எட்டக்கூடிய அந்த 32 ஹெக்டேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. தெருமுனைக் கடை ஒன்று பிழைக்க ஏறத்தாழ 1,000 குடும்பங்கள் வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஹெக்டேருக்கு 10 வீடு என்று தோட்டம் விட்டுக் கட்டினால் 320 வீடுகள்தான் தேறும். கடைக்காரர் சீக்கிரமே கதவைச் சாத்திவிடுவார். ஹெக்டேருக்கு 40 வீடு என்றால் 1,280. கடை நிற்கும், அதை நம்பி ஒரு முடிதிருத்தகமும் வரும். ஒட்டிக் கட்டிய இரண்டு மூன்று மாடி வீடுகளே இதற்குப் போதும், வானளாவிய கட்டடம் தேவையில்லை. பழைய ஊர்களில் இதை யாரும் திட்டமிடவில்லை. நடந்துதான் எங்கும் போகமுடியும் என்ற நிலையில், நெருங்கி வாழ்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இந்த நெருக்கத்தைக் குலைத்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஓஹியோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊரின் நிலப் பயன்பாட்டு விதிகள் செல்லும் என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம் என்று பிரிக்கும் விதிகள் அதன்பின் நாடெங்கும் வேரூன்றின. ஆலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பது நியாயமே. ஆனால், மளிகைக் கடையிலிருந்தும் வீட்டைக் காப்பாற்றியதுதான் எனக்கு விளங்கவில்லை. மாடியில் வீடு, கீழே கடை என்ற பழைய ஏற்பாடு பல ஊர்களில் சட்டவிரோதமாகவே ஆகிப்போனது.

தூரமும் கடையும் சரியாக அமைந்தாலும், உயிர் பயம் இருந்தால் யாரும் நடக்கமாட்டார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் காரின் இயக்க ஆற்றல், 30 கிலோமீட்டரில் வரும் காரினுடையதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. இதைவிட மிரட்டும் கணக்கு இன்னொன்று உண்டு. குறுக்கே ஓடும் குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30இல் வந்த கார் சுமார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50இல் வந்த காரோ அதே 13 மீட்டரைக் கடக்கும்போது பிரேக்கே பிடித்திராது, முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். குறுகிய தெருவும் கூர்மையான முக்கும் ஓட்டுநரின் காலைத் தாமாகவே பிரேக்குக்குக் கொண்டுவருகின்றன. அங்கே வேக எச்சரிக்கைப் பலகை அதிகப்படி.

போக்குவரத்து உயிரை மட்டுமல்ல, உறவையும் தொடுகிறது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972இல் முடிவுகளை வெளியிட்டார். நாளுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை.

இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரை ஒட்டியுள்ள பவுண்ட்பரி இவ்வளவையும் சேர்த்துச் செய்து பார்த்த இடம். அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் விருப்பப்படி லியோன் கிரியர் வரைந்த ஊர் அது. 1993இல் கட்டுமானம் தொடங்கியது. முதலில் வீடுகளின் இருப்பிடத்தை முடிவுசெய்து, மிஞ்சிய இடைவெளியில் சாலையைச் செலுத்தினார்கள். எதிரே வருவது தெரியாத வளைவுகள் வண்டிகளை மெதுவாக்குகின்றன. வீடுகளுக்கு நடுவே அலுவலகங்களும் உணவுத் தொழிற்சாலையும்கூட இருக்கின்றன. மலிவு வீடுகளைத் தனி மூலையில் ஒதுக்காமல் மற்ற வீடுகளோடு கலந்து கட்டியிருக்கிறார்கள். இந்த ஊரின் உண்மையான சாதனை இதுதான் என்பேன். பழைய பாணித் தூண்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

இருந்தும், அங்கு வாழ்வோரிடம் எடுத்த ஆய்வில் கார் பயன்பாடு சுற்றுவட்டாரத்தைவிடக் குறைந்திருக்கவில்லை. வேலை வேறு ஊரில் இருந்தால் தெருவின் வளைவு என்ன செய்யும்? வீடுகளின் பின்முற்றங்களில் காருக்குத் தாராளமாக இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். சீசைடுக்கு வேறு சிக்கல். அங்கே முந்நூற்றுச் சொச்சம் வீடுகளே உள்ளன. தோராயக் கணக்குப்படி ஒரு கடைக்கே அது போதாது. விடுமுறைக்கு வரும் பயணிகளே கடைகளைத் தாங்குகிறார்கள். வீட்டு விலையோ, அந்தக் கடைகளில் வேலை செய்பவர் கனவிலும் நினைக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. அவர் தினமும் காரில் வந்து போகிறார்.

அதனால் இப்போது கவனம் புது ஊர்களிலிருந்து பழைய விதிகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதி, கடைகளை வீடுகளிலிருந்து விலக்கி, நடுவில் தார்த் திடலை விரிக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் 2017இல் அந்தக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது. 2021இல் மினியாபொலிஸும் நீக்கியது. இரண்டு நகரங்களிலும் கார் நிறுத்த இடம் விடுவதற்குத் தடை ஏதும் இல்லை. குறைந்தபட்சம் எவ்வளவு விடுவது என்பதைக் கட்டுபவரே முடிவு செய்துகொள்ளலாம்.