குழாய் எட்டினால்தான் கை கழுவும்

பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அடுத்த சில நாட்களில் இன்னும் மூன்று நான்கு பேர் படுப்பது வாடிக்கை. வழி பெரும்பாலும் கைதான்.

“கை கழுவிட்டு வா” என்று அனுப்பிவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளங்கையை மட்டும் தண்ணீரில் காட்டும், சோப்பைத் தொடும், உடனே அலசும், சட்டையில் துடைக்கும். ஐந்து விநாடியில் முடிந்தது. விரல்நுனி, நகக்கண், கட்டைவிரல், விரலிடுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். வாய்க்குள் போவதோ விரல்நுனிதான்! கீரிப்பூச்சி முட்டை ஒட்டியிருப்பதும் நகத்தடியில்தான்.

கையை நனைத்ததும் குழாயை மூடச் சொல்லுங்கள். திறந்தே இருந்தால் நுரை வருமுன் சோப்பு ஓடிவிடும். அழுக்கோடும் பிசுக்கோடும் கிருமியைக் கிளப்பிவிடுவதே சோப்பின் வேலை. அதற்குத் தேய்ப்பும் 20 விநாடி நேரமும் வேண்டும். விநாடிக் கணக்கு நான்கு வயதுக்குப் புரியாது, பாட்டு புரியும். விரல்நுனிக்கு “பூனை மாதிரி உள்ளங்கையைப் பிறாண்டு”, கட்டைவிரலுக்கு “பைக் முறுக்கு” என்றால் போதும். தண்ணீர் சுடவேண்டியதில்லை.

குழாய் உயரமாக இருந்தால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். அந்தக் குளிருக்கே பிள்ளை அடுத்த முறை டிமிக்கி கொடுக்கும். வழுக்காத படிப்பலகை ஒன்று போடுங்கள். முழு சோப்புக்கட்டி சின்னக் கையில் நிற்காது. பாதியாக வெட்டி, நீர் வடியும் தட்டில் வையுங்கள். கை துடைக்க எல்லாருக்கும் ஒரே துண்டு என்றால் கழுவியதே வீண். ஈரக் கையில் கிருமி எளிதாகத் தொற்றும், எனவே ஆளுக்கொரு சிறு துணி, தினமும் துவைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் 20 பிள்ளைகள், ஒரே குழாய் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 20 நிமிடம். அவசரத்தில் கெடுவது இங்கேதான். நான்கு நான்கு பேராக முன்கூட்டியே அனுப்புங்கள். கழுவியவர்கள் நேராகத் தட்டின் முன் உட்காரவேண்டும். நடுவில் பொம்மையைத் தொட்டால் திரும்பவும் குழாயடிதான்.

சானிடைசர் மாற்றல்ல. மண் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது, வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸிடம் அதன் பலம் குறைவு, விழுங்கினால் ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

கை, கால், வாய் நோய் வந்த பிள்ளை தேறிப் பள்ளிக்கு வந்த பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும். அதுவரை அந்தப் பிள்ளை கழிவறை போய் வரும்போதெல்லாம் பெரியவர் ஒருவர் குழாயடியில் கூட நிற்கவேண்டும், அவரும் கை கழுவவேண்டும்.