புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கயிற்றை அவிழுங்கள்

பெரும்புயல் ஓய்ந்தபின் சிகிச்சைக்காகப் பண்ணைகளுக்குச் செல்லும்போது, காற்றும் வெள்ளமும் செய்த சேதத்தோடு, கட்டிவைத்த கயிறும் தாழிட்ட கதவும் செய்த சேதத்தையும் சேர்த்தே பார்க்க நேர்கிறது. மாடும் குதிரையும் நன்றாகவே நீந்தும். ஆனால் முளையில் குட்டையாகக் கட்டப்பட்ட விலங்கு, தண்ணீர் கழுத்தளவு ஏறும்போது தலையைத் தூக்கக்கூட வழியின்றி நின்ற இடத்திலேயே மூழ்கிவிடும். தொலைந்துபோகும் என்ற அச்சத்தில்தான் கட்டுகிறோம் என்பது எனக்குத் தெரியும். தொலைந்த விலங்கைத் தேடிப் பிடிக்கலாம் என்பதே என் பதில்.

கொட்டகையில் அடைப்பதா, வெளியில் விடுவதா என்ற கேள்விக்கு எல்லாப் பண்ணைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. மேட்டில், உறுதியான சுவரும் கூரையும் கொண்டு கட்டிய லாயமாக இருந்தால் உள்ளே வைக்கலாம். தகரக் கூரையோ, தாழ்வான இடமோ என்றால், பெரிய மரங்களும் மின்கம்பிகளும் முள்கம்பி வேலியும் இல்லாத, மேடான, விரிந்த புல்வெளியே மேல். பறந்துவரும் பொருளிலிருந்து விலகி ஓடவாவது அங்கே இடம் இருக்கும். வெளியில் விட முடிவெடுத்தால் கொட்டகைக் கதவை வெளியிலிருந்து மூடிவிட வேண்டும், ஏனெனில் மிரண்ட குதிரை தனக்குப் பழகிய லாயத்தைத் தேடி ஓடிவரக்கூடும். எளிதில் அறாத நைலான் தலைக்கயிறு கிளையில் சிக்கினால் விலங்கு மாட்டிக்கொள்ளும். தலைக்கயிறு தேவை என்றால், இழுத்தால் அறுந்துவிடும் தோல்வார் போதும். காற்றில் பறக்கக்கூடிய தகரத் துண்டு, வாளி, பலகை போன்றவற்றை முன்னதாகவே அப்புறப்படுத்துங்கள்.

வேறு இடத்துக்குக் கொண்டுசெல்வதாக இருந்தால் காற்று வலுக்கும் முன்பே கிளம்பிவிட வேண்டும். உயரமான பக்கங்கள் கொண்ட வண்டி பக்கவாட்டுக் காற்றில் எளிதில் கவிழும். ஒருமுறைகூட வண்டியில் ஏறிப் பழகாத குதிரையை மழைக்கும் இடிக்கும் நடுவே ஏற்றிவிடலாம் என்று எண்ணுவது வீண். அந்தப் பழக்கத்தை நல்ல வானிலை உள்ள நாட்களிலேயே ஏற்படுத்த வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் மயக்க மருந்து கொடுத்து ஏற்றினால், விலங்கு ஓடும் வண்டியில் நிலைதடுமாறி விழுந்துவிடும்.

தீவனத்தைச் சேர்த்துவைக்கும் பலரும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரையும், கறவை மாடு 60 முதல் 100 லிட்டர் வரையும், ஆடு 4 முதல் 8 லிட்டர் வரையும் குடிக்கும். ஒரு குதிரை, ஒரு கறவை மாடு, பத்து ஆடுகள் என்ற சிறு பண்ணைக்கே ஒரு வாரத்துக்கு 1,200 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும் என்பதால், தொட்டிகளையும் பீப்பாய்களையும் முந்தைய நாளே நிரப்பிவையுங்கள். தண்ணீர் குறைந்தால் குதிரையின் குடலில் உலர்தீவனம் அடைத்துக்கொண்டு கடும் வயிற்றுவலி வரும். முன்காலால் தரையைப் பறிப்பதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும் அதன் அறிகுறிகள். தானிய அறையைப் பூட்டியே வையுங்கள். கட்டவிழ்ந்த மாடும் ஆடும் தானியத்தை அளவின்றித் தின்றால் வயிற்றில் அமிலம் மிகுந்து சாகக்கூடும். குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும். கறவை மாடுகளுக்குப் பால் கறப்பது தடைப்பட்டால் மடிநோய் வரலாம் என்பதால், இயந்திரத்தை நம்பியிருப்பவர்கள் ஜெனரேட்டருக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

அடையாளத்தைப் பொறுத்தவரை, காதுவில்லை அல்லது மைக்ரோசிப் இருப்பது சிறப்பு. இரண்டும் இல்லையெனில், உங்கள் தொலைபேசி எண்ணை விலங்கின் உடலில் நீரில் கரையாத பெயின்ட்டால் எழுதுங்கள். இருபுறமும் தெளிவாகத் தெரியும் புகைப்படங்களை எடுத்து, தடுப்பூசிச் சான்றுகளுடன் சேர்த்து ஈரம் புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புயலில் பறக்கும் ஆணியும் தகரமும் கிழிக்கும் காயங்களின் வழியே டெட்டனஸ் தொற்றும். பண்ணை விலங்குகளில் அதற்கு மிக எளிதில் ஆளாவது குதிரை. முதன்முறையாகத் தடுப்பூசி போடும்போது நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. ஆகவே எச்சரிக்கை வந்தபின் ஓடிவருவதில் பெரிய பயனில்லை, புயல் பருவம் தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

புயல் கடந்தபின் அறுந்து கிடக்கும் மின்கம்பிகளை அகற்றும்வரை எந்த விலங்கையும் மேய்ச்சலுக்கு விடாதீர்கள். வெள்ளத்தில் நனைந்த வைக்கோலைக் காயவைத்துப் போடலாம் என்ற சிக்கனமும் வேண்டாம். அதில் வளரும் பூஞ்சையும் நச்சுக்கிருமிகளும் குதிரைக்கு எமனாகும். நீந்தித் தப்பிய விலங்கின் நுரையீரலில் தண்ணீர் புகுந்திருந்தால், பிழைத்துவிட்டது என்று நாம் நிம்மதியடைந்த சில நாட்களுக்குப் பிறகுகூட நிமோனியா வெளிப்படலாம். அந்த நாட்களில் காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தீவனத்தைத் தொடாமல் நின்றாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள்.